டியூப்லைட் ஏன் பட்டை பட்டையாகத் தெரிகிறது? வீடியோ பழகுகிறவர்களுக்குக் கொஞ்சம் அடிப்படை

வணக்கம் மக்களே. விஸ்காம் (காட்சித் தொடர்பியல் படிப்பு) முதல் வருஷம் சேர்ந்தவர்களுக்கும், போனை வைத்துக்கொண்டு தானாகவே பழகுகிறவர்களுக்கும்தான் இந்த வீடியோ. கேமரா வாங்கிய பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று காத்திருக்காதீர்கள், போன் போதும்.

முதலில் என் பின்னால் சுவரைப் பாருங்கள். மங்கலான பட்டைகள் மெதுவாக நகர்கின்றன, தெரிகிறதா? வேண்டுமென்றேதான் அப்படி வைத்திருக்கிறேன். மேலே இருப்பது சோக் வைத்த பழைய டியூப்லைட். நம் ஊர் கரண்ட் 50 ஹெர்ட்ஸ். அதனால் அந்த வெளிச்சம் நொடிக்கு 100 முறை கூடிக் குறைகிறது. இங்கே உட்கார்ந்திருக்கும் என் கண்ணுக்கு அது தெரியாது. ஆனால் போனின் சென்சார் படத்தை வரி வரியாகப் படிக்கிறது. ஷட்டர் (ஒரு படம் வெளிச்சம் வாங்கும் நேரம்) இப்போது 1/60 நொடியில் இருக்கிறது, அதாவது 60 ஹெர்ட்ஸ் கரண்ட் ஓடும் அமெரிக்காவுக்குப் பொருந்தும் கணக்கு. இங்கே அது விளக்கின் துடிப்பை முழுசாக வாங்காமல் நடுவில் வெட்டிவிடுகிறது. சில வரிகளுக்கு வெளிச்சம் கூட, சிலவற்றுக்குக் குறைவு. சரி, எல்லாவற்றையும் நாமே அமைக்கும் புரோ மோடில் ஷட்டரை 1/50-க்கு மாற்றுகிறேன். பாருங்கள், சுவர் சுத்தமாகிவிட்டது. மலிவான எல்இடி பல்புகளிலும் இதே தொல்லை வரும், மருந்தும் பெரும்பாலும் இதேதான்.

இந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டால் இரண்டு வார்த்தைகள் புரிந்துவிடும். நொடிக்கு எத்தனை படம் எடுக்கிறோம் என்பது ஃபிரேம் ரேட். சினிமாவுக்கு 24, நம் டிவிக்கு 25. ஒவ்வொரு படமும் எவ்வளவு நேரம் வெளிச்சம் வாங்குகிறது என்பது ஷட்டர் ஸ்பீடு. ஷட்டர் எண் ஃபிரேம் ரேட்டைப் போல இரண்டு மடங்கு இருந்தால் அசைவு இயல்பாகத் தெரியும். 25 ஃபிரேமுக்கு 1/50. நம் கரண்டுக்கும் அதுவே சரியாக வருகிறது, பாருங்கள். ஸ்லோ மோஷன் வேண்டுமா? 50 ஃபிரேமில் எடுத்து 25-இல் ஓட்டுங்கள், வேகம் பாதியாகும். அதற்கு ஷட்டர் 1/100, அதிலும் பட்டை வராது.

மதிய வெயிலில் 1/50 வைத்தால் படம் வெள்ளை வெளேரென்று வெந்துபோகும். ஐஎஸ்ஓவை, அதாவது வெளிச்சத்துக்குக் கேமரா காட்டும் உணர்திறனை, அடிமட்டத்துக்கு இறக்கினாலும் போதாது. பெரும்பாலான போன்களில் வெளிச்சம் நுழையும் லென்ஸ் துளையான அப்பர்ச்சரை மாற்றவும் முடியாது. ஆட்டோவில் விட்டால் போன் ஷட்டரை 1/1000, 1/2000 என்று ஏற்றிவிடும், ஓடுகிற பையனின் கால்கள் வெட்டி வெட்டித் தெரியும். அதற்குத்தான் என்டி ஃபில்டர், கேமராவுக்கு மாட்டும் கூலிங் கிளாஸ். அது இல்லையா, மரநிழலுக்கு நகருங்கள். இருட்டில் கதை நேர் எதிர்: ஐஎஸ்ஓ ஏற ஏறப் படத்தில் புள்ளிகள் கொதிக்கும். அப்போது எண்ணை ஏற்றுவதை விட, ஆளை ஜன்னல் பக்கம் திருப்பி உட்கார வைப்பதே மேல்.

ஒயிட் பேலன்ஸும், அதாவது வெள்ளை வெள்ளையாகவே தெரியும்படி நிறத்தைச் சரிக்கட்டுவதும், அப்படித்தான், ஆட்டோவில் விடாதீர்கள். இந்த மஞ்சள் பிளாஸ்டிக் வாளியை ஃபிரேமுக்குள் கொண்டுவருகிறேன், என் முகத்தைக் கவனியுங்கள். நீலம் பாய்ந்துவிட்டது! வாளியைச் சரிக்கட்டப் போய் போன் என்னைக் கெடுத்துவிட்டது. ஒளியின் நிறத்தைச் சொல்லும் கெல்வின் கணக்கில் வெயிலுக்கு 5600 பக்கம், மஞ்சள் பல்புக்கு 2700 பக்கம் என்று ஒன்றைப் பூட்டிவிடுங்கள். ஜன்னல் வெளிச்சமும் மஞ்சள் பல்பும் ஒன்றாக இருந்தால் பல்பை அணைப்பதுதான் வழி.

அப்புறம் சத்தம். கேமரா வாங்குவதற்கு முன்பே மைக் வாங்குங்கள் என்றுதான் நான் சொல்வேன். இப்போது ஃபேனைப் போடுகிறேன்... கேட்கிறதா அந்த உறுமல்? எடிட்டிங்கில் குறைக்கலாம், ஆனால் குரலும் தகரம் மாதிரி ஆகிவிடும். அணைத்துவிட்டேன். வேர்க்கும், வேறு வழியில்லை. காலர் மைக் என்றால் வாய்க்கு ஒரு சாண் கீழே, துணி உரசாமல். ஒலி அளவைக் காட்டும் மீட்டரில் பேச்சின் உச்சம் மைனஸ் 12 டெசிபெல் பக்கம் நிற்கட்டும். மீட்டரின் உச்ச வரம்பான பூஜ்யத்தைத் தாண்டி உடைந்த குரலை ஒட்டவைப்பது பெரும்பாடு. பேட்டி முடிந்ததும் யாரும் பேசாமல் அரை நிமிடம் அந்த அறையின் அமைதியைப் பதிவு செய்யுங்கள். இது ரூம் டோன். வெட்டிய இடங்களில் அடியில் போட்டால் ஒட்டு தெரியாது.

இரண்டு பேர் பேசும் காட்சியில் அவர்களுக்கு நடுவே ஒரு கோடு இருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். கேமரா அந்தக் கோட்டின் ஒரே பக்கம் இருக்க வேண்டும். தாண்டினால், இதுவரை வலது பக்கம் பார்த்துப் பேசியவர் திடீரென்று இடது பக்கம் பார்ப்பார், இருவரும் ஒரே திசையில் பேசுவது போலாகிவிடும். விதியை மீறலாமா என்று கேட்பீர்கள். மீறலாம், முதலில் கடைப்பிடித்துப் பார்த்துவிட்டு.

வீட்டுப்பாடம் ஒன்று. உங்கள் தெருவில் பூக்கட்டுகிற அக்கா யாராவது இருந்தால், அனுமதி கேட்டு எடுங்கள். கடை முழுதும் தெரியும் ஒரு வைட், இடுப்புக்கு மேல் ஒரு மிட், நார் சுற்றும் விரல்கள் ஒரு குளோசப், அவர் முகம், அவர் தோளுக்குப் பின்னாலிருந்து ஒன்று. ஒவ்வொன்றையும் கை ஆடாமல் பத்து நொடியாவது பிடியுங்கள். முடிச்சு இறுகும் அசைவில் வெட்டினால் மிட்டிலிருந்து குளோசப்புக்குத் தாவுவது கண்ணில் படாது. பேரம் பேசும் குரலை மட்டும் முகம் வருவதற்கு ஒரு நொடி முன்னாலேயே விட்டுப் பாருங்கள், அதுதான் ஜே கட். எடுத்ததை இரண்டு இடத்தில் காப்பி பண்ணிய பிறகே கார்டை ஃபார்மட் செய்யுங்கள். அடுத்த வீடியோவில், எடிட்டிங்கில் துண்டுகளை வரிசையாக அடுக்கும் டைம்லைனைத் திறந்து இந்தப் பூக்கடையையே வெட்டலாம்.