ஏழுகிணறும் அடையாறும்

(திருவொற்றியூரில் ஒரு ஞாயிறு மாலை வாசகசாலைக் கூட்டத்தில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)

தலைவர் அவர்களே, பெரியோர்களே, தாய்மார்களே, வணக்கம்.

பிரம்மஞான சபை என்றதும் நம் பக்கத்து மக்களுக்கு நினைவு வருவது அடையாறு ஆலமரம்தான். பள்ளிச் சுற்றுலாவில் பஸ் ஏறிப் போய், விழுதைப் பிடித்து ஆடிவிட்டு, கட்டுச்சோறு சாப்பிட்டுத் திரும்பியிருப்போம். ஞானமெல்லாம் அடையாற்றுப் பக்கம், வடசென்னைக்கு வாய்த்தது துறைமுகமும் லாரிப் புகையும் என்று ஊரில் ஓர் எண்ணம் உண்டு. ஊரார் நினைப்பதில் எனக்கு வருத்தமில்லை. நாமே அப்படி நினைக்கிறோமே, அதுதான் வருத்தம்.

அந்தச் சபையார் கீழைநாட்டு ஞானியரை எப்படிப் பார்த்தார்கள், அந்தப் பார்வையில் நம் ஏழுகிணற்றுக்காரரான வள்ளலார் இராமலிங்கம் எப்படித் தெரிந்தார் என்பதே இன்றைய பேச்சு.

1875 நவம்பர் 17 அன்று நியூயார்க்கில் சபை தொடங்கியது. ரஷ்யாவில் பிறந்த பிளாவட்ஸ்கி அம்மையாரும் அமெரிக்கரான கர்னல் ஆல்காட்டும் 1879 தொடக்கத்தில் பம்பாய் வந்து இறங்கினார்கள். 1882இல் அடையாற்றில் தோட்டம் வாங்கினார்கள். எல்லாச் சமயங்களுக்கும் அடியில் ஒரே பழைய ஞானம் ஓடுகிறது. வினையும் மறுபிறவியும் உண்மை. அந்த ஞானத்தைக் காத்துவரும் மகாத்மாக்கள் இமயத்துக்கு அப்பால் இருந்து உலகை வழிநடத்துகிறார்கள். இதுதான் அவர்கள் சொன்னதன் சாரம். இனம், சமயம், பால், சாதி, நிறம் பாராத சகோதரத்துவம் சபையின் முதல் நோக்கம்.

இதை ஏளனம் செய்வது எளிது. ஆனால் காலத்தை எண்ணிப் பார்க்க வேண்டும். உங்கள் சாத்திரமெல்லாம் மூடநம்பிக்கை என்று பாதிரிமாரும் துரைமாரும் சொல்லிக்கொண்டிருந்த நாட்டில், வெள்ளைத் தோலுடைய இரண்டு பேர் வந்து, குரு இங்கேதான் இருக்கிறார், நாங்கள் மாணவர்கள் என்றார்கள். ஆங்கிலம் படித்த இளைஞர்களுக்கு அது எப்படி இருந்திருக்கும்! லண்டனில் சட்டம் படித்த காந்தி, பிரம்மஞானிகள் இருவர் தூண்டியதால்தான் முதன்முதலில் கீதையைக் கையில் எடுத்தார். அந்தக் கடன் நமக்கு உண்டு.

இனி ஏழுகிணற்றுக்கு வருவோம். மருதூரில் 1823இல் பிறந்த இராமலிங்கம், தந்தையை இழந்த கைக்குழந்தையாகச் சென்னைக்கு வந்து, ஏழுகிணறு வீராசாமிப் பிள்ளை தெருவில் வளர்ந்தார். கந்தகோட்டத்து முருகனைப் பாடினார். அங்கிருந்து எட்டு கிலோமீட்டருக்குக் குறையாத இந்த ஒற்றியூருக்கு நடந்தே வந்து தியாகராசரையும் வடிவுடை அம்மனையும் தொழுதார். 1858இல் சென்னையை விட்டுப் புறப்பட்டார். 1874 ஜனவரி 30 அன்று மேட்டுக்குப்பத்தில் ஓர் அறைக்குள் புகுந்து கதவைத் தாழிட்டவர், பிறகு யார் கண்ணிலும் படவில்லை. சபை பிறக்க இன்னும் இரண்டு ஆண்டுகள்கூட இல்லை.

இந்த இரண்டு கோடுகளையும் சேர்த்தவர் அவருடைய முதன்மை மாணவர் தொழுவூர் வேலாயுத முதலியார். மாநிலக் கல்லூரியில் தமிழ்ப் பண்டிதர். 1882 ஜூலையில் சபையின் மாத இதழில் அவர் அளித்த வாக்குமூலம் வெளிவந்தது. ரஷ்யாவிலிருந்தும் அமெரிக்காவிலிருந்தும் ஆட்கள் வருவார்கள், இந்தச் சகோதரத்துவத்தையே போதிப்பார்கள் என்று குருநாதர் முன்பே சொல்லியிருந்தார் என்பது அதன் முக்கியச் செய்தி. குருவின் தோற்றத்தையும் அதில் எழுதியிருக்கிறார்: எலும்புக்கூடு போல மெலிந்த உடல், ஆனால் நிமிர்ந்த நடை, வெகு வேகம், பெரிய, கனல் போன்ற கண்கள், முகத்தில் எப்போதும் ஒரு துயரம். இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை சில கவளம் சோறு. விரத காலங்களில் சர்க்கரை கலந்த வெந்நீர்.

சபையார் மகிழ்ந்து போனார்கள். பிளாவட்ஸ்கி ரஷ்யா, ஆல்காட் அமெரிக்கா. இதைவிட வேறென்ன சான்று வேண்டும்?

என்னைக் கேட்டால், பண்டிதர் பொய் சொன்னார் என்று சொல்ல மாட்டேன். குரு மறைந்து எட்டு ஆண்டுகள். கடை விரித்தோம், கொள்வாரில்லை என்று அவர் மனம் நொந்து சொன்னதாக ஒரு வார்த்தை வழங்குகிறது அல்லவா? அதைச் சுமந்துகொண்டிருந்த மாணவருக்குக் கொள்வார் வந்துவிட்டார்கள் என்று தோன்றியிருக்கிறது. அவர் நினைவு வந்தவர்களுக்கு ஏற்ப வளைந்து கொடுத்திருக்கலாம். மனித இயல்பு.

என் குறை வேறு. பிரம்மஞானம் ஒரு தூரப்பார்வைக் கண்ணாடி. எட்டத்து இமயம் துல்லியமாகத் தெரிந்தது. பக்கத்து இலையில் சோறு இருக்கிறதா என்பது மங்கிப்போனது. அவர்கள் வள்ளலாரிடம் கண்டது யோகியை, சித்தரை, தீர்க்கதரிசியை. அவர் செய்ததன் வரிசையைப் பாருங்கள். 1867இல் வடலூரில் பசித்தவர்க்குச் சோறு போடும் தருமச்சாலை. 1872இல்தான் ஜோதியை வழிபடும் சத்திய ஞான சபை. முதலில் அடுப்பு, பிறகுதான் ஜோதி. தாது வருஷப் பஞ்சம் ஓய்ந்த சூட்டில்தான் சபையார் பம்பாயில் வந்து இறங்கினார்கள். அப்போது ஊருக்கு எது அவசரம் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

நம் வீட்டுப் பெரியவர்கள் சொல்லும் கதை ஒன்று உண்டு. சிறுவன் இராமலிங்கம் ஒற்றியூரிலிருந்து இரவு வெகு நேரம் கழித்து வீடு திரும்புகிறான். கதவு சாத்தியிருக்கிறது. அண்ணியை எழுப்ப மனமில்லாமல் பசியோடு திண்ணையில் படுத்துவிடுகிறான். சற்று நேரத்தில் அண்ணி வந்து எழுப்பி, சோறு படைத்து, உண்ணச் செய்துவிட்டுப் போகிறாள். பிறகு உள்ளேயிருந்து நிஜமான அண்ணி கதவைத் திறந்து, சாப்பிடாமல் படுத்துவிட்டாயே என்கிறாள். முதலில் வந்தவள் வடிவுடை அம்மன். பிரம்மஞானி இதைக் கேட்டால் சூட்சும சரீரம் என்று தலைப்புக் கொடுத்து நான்கு பக்கம் எழுதுவார். நம் பாட்டி, என்ன குழம்பு என்று கேட்பாள். நான் பாட்டி கட்சி. அந்த அம்மன் உபதேசம் எதுவும் செய்யவில்லை. சோறு போட்டாள், போய்விட்டாள்.

இன்னோர் இடத்திலும் கண்ணாடி பொருந்தவில்லை. வள்ளலார் இறந்தவரை எரிக்கக் கூடாது, புதைக்க வேண்டும் என்று வற்புறுத்தினார். ஆல்காட்டோ 1876 டிசம்பரில் அமெரிக்காவில் ஒரு பிரபுவின் உடலைத் தகன மேடையில் எரிக்க முன்னின்று, அந்நாட்டுப் பத்திரிகைகளையெல்லாம் அலற வைத்தவர்! இருவரும் ஒரே மறைஞானத்தைத்தான் சொன்னார்கள் என்பவர்கள் இதைத் தாண்டிக் குதித்துவிடுகிறார்கள்.

பொருந்தும் இடமும் உண்டு, மறைக்க மாட்டேன். இராயபுரத்தில் அடங்கியிருக்கும் குணங்குடி மஸ்தான் சாகிபை எடுத்துக்கொள்ளுங்கள். தொண்டிப் பக்கத்தில் பிறந்த சூஃபி. இறைவனை மனோன்மணி என்று அழைத்துக் காதலாகிப் பாடியவர். இந்துப் புலவர்களே அவர் மீது பாமாலை சூட்டியிருக்கிறார்கள். அவர் 1838இல் மறைந்தபோது ஏழுகிணற்றில் இராமலிங்கத்துக்கு 14 வயது. எல்லாச் சமயத்துக்கும் அடியில் ஓர் ஊற்று என்று அடையாறு புத்தகம் போட்டுச் சொன்னதை இந்தத் தர்காவின் வாசலில் பூ விற்கிறவர்கள் எந்தப் புத்தகமும் இல்லாமல் ஒப்புக்கொள்வார்கள். இங்கே கடலோரம் சமாதி கொண்ட பட்டினத்தாரைப் பற்றி உங்களுக்கு நான் சொல்வது கொல்லன் தெருவில் ஊசி விற்பது போல. விட்டுவிடுகிறேன்.

மகாத்மாக்களின் கடிதங்கள் வானத்திலிருந்து விழுந்தன என்ற விவகாரம் 1885இல், அமானுஷ்ய நிகழ்வுகளை ஆராயும் லண்டன் கழகம் ஒன்றின் அறிக்கையில் சந்தி சிரித்தது. அந்த அறிக்கையே ஒருதலைப்பட்சமானது என்று நூறாண்டு கழித்து அதே கழகத்தைச் சேர்ந்த ஒருவர் எழுதினார். அந்தச் சண்டையில் எனக்கு ஆர்வமில்லை. எனக்கு ஆர்வம் ஆல்காட்டிடம்தான். பிளாவட்ஸ்கி மறைந்த பிறகு, 1894இல், ஒடுக்கப்பட்ட சாதிப் பிள்ளைகளுக்கு அவர் இலவசப் பள்ளி திறந்தார். பின்னர் மேலும் சில பள்ளிகள். அயோத்திதாசப் பண்டிதர் 1898இல் இலங்கை சென்று பௌத்தம் தழுவியதும் அவர் துணையோடுதான். வள்ளலாருக்கு அந்தச் சபையில் உண்மையான சீடர் யார் என்று கேட்டால், வாக்குமூலத்தை அச்சிட்டவர்களை அல்ல, கர்னலின் இந்த முதுமைக்காலத்தைத்தான் காட்டுவேன்.

அந்த அடுப்பின் சூட்டை நம் ஊரில் அடுத்து உணர்ந்தவர், வண்ணாரப்பேட்டைக் கல்லூரிக்குப் பெயராக நிற்கும் பிட்டி தியாகராயர். 1920இல் அவர் தலைமையில் சென்னை மாநகராட்சி, ஆயிரம்விளக்குப் பள்ளியில் பிள்ளைகளுக்குச் சிற்றுண்டி கொடுக்கத் தீர்மானம் போட்டது. தலைக்கு நாளொன்றுக்கு ஓர் அணாவுக்கு மேற்படாமல். ஆல்காட்டுக்குப் பின் சபைத் தலைவரான அன்னி பெசன்ட் அம்மையாரோடு அரசியலில் நேருக்கு நேர் மோதிய நீதிக்கட்சிக்காரர் அவர். ஞானியர் வரிசையில் அவரைச் சேர்க்கச் சபையார் ஒப்ப மாட்டார்கள். நான் சேர்ப்பேன். மறுப்பவர்கள் எழுந்து கேளுங்கள். ஒலிபெருக்கியை இறக்கித் தருகிறேன்.