ரூட்டை பி-கேஷுக்கு மாத்தினேன், மெஷின் பூட் ஆகலை: சந்தேகத்துக்கு விளக்கம்

அடுத்த கேள்வி பெங்களூரு மடிவாளாவுல இருந்து வந்திருக்கு. "சார், என் உபுண்டு பழைய 1 டிபி ஹார்ட் டிஸ்க்ல ஓடுது. எஸ்.பி. ரோட்டுல 2 டிபி டிஸ்க் ஒண்ணு, 240 ஜிபி எஸ்எஸ்டி ஒண்ணு வாங்கி, பி-கேஷ் போட்டு ரூட்டை அப்படியே காப்பி பண்ணேன். ரீபூட் பண்ணா இனிட்ராம்எஃப்எஸ்னு ஒரு ப்ராம்ப்ட்ல நின்னுடுது. மறுபடி இன்ஸ்டால் பண்ணாம சரி பண்ண முடியுமா?"

முடியும். பழைய டிஸ்க்கை மட்டும் இப்போதைக்கு ஃபார்மட் பண்ணிடாதீங்க.

பி-கேஷ்னா எஸ்எஸ்டியை ஹார்ட் டிஸ்க்குக்கு வேகமான கேஷா வைக்கிற லினக்ஸ் வசதி. ரூட்னா சிஸ்டம் ஃபைல்கள் இருக்கிற முக்கிய ஃபைல் சிஸ்டம். முதல்ல என்ன நடக்குதுன்னு பாருங்க. கெர்னல் ஏறிடுச்சு. அது தேடுற ரூட், பி-கேஷ்-ஜீரோங்கிற டிவைஸ்ல இருக்கு. அந்த டிவைஸ் டிஸ்க்ல தானா இருக்கிறது கிடையாது. பி-கேஷ் மாட்யூல் ஏறி, ஹார்ட் டிஸ்க் பார்ட்டிஷனையும் எஸ்எஸ்டி பார்ட்டிஷனையும் ரெஜிஸ்டர் பண்ணாத்தான் அது உருவாகும். ரூட் மவுன்ட் ஆகுறதுக்கு முன்னாடியே இதெல்லாம் நடக்கணும், அதனால மாட்யூலும், டிஸ்க்கைப் பாத்ததும் தானா ரெஜிஸ்டர் பண்ற யூடெவ் ரூலும் இனிட்ராம்எஃப்எஸ்குள்ளயே (ரூட் கிடைக்கிற வரைக்கும் கெர்னல் பயன்படுத்துற குட்டி தற்காலிக சிஸ்டம்) இருந்தாகணும்.

அந்த ப்ராம்ப்ட்லயே சோதிச்சுப் பாக்கலாம். "மாட்ப்ரோப் பிகேஷ்"னு அடிங்க. மாட்யூல் இல்லைன்னு சொன்னா காரணம் கிடைச்சாச்சு. ஏறிட்டா, ரெண்டு பார்ட்டிஷன் பேரையும் ஒண்ணொண்ணா எக்கோ பண்ணி, சிஸ் எஃப்எஸ் பிகேஷ் ஃபோல்டர்ல இருக்கிற ரெஜிஸ்டர் ஃபைலுக்கு அனுப்புங்க. டெவ் ஃபோல்டர்ல பி-கேஷ்-ஜீரோ வந்துச்சுன்னா "எக்ஸிட்" அடிங்க, பூட் அங்கிருந்தே தொடரும். டிவைஸ் வந்தும் "அலர்ட், யூயூஐடி டஸ் நாட் எக்ஸிஸ்ட்"னு நிக்குதுன்னா தப்பு வேற இடத்துல: பூட் லோடரான கிரப் இன்னும் பழைய யூயூஐடியைத்தான் (ஃபைல் சிஸ்டத்தோட அடையாள எண்) கெர்னலுக்குச் சொல்லிட்டிருக்கு.

நிரந்தரமா சரி பண்ண லைவ் யூஎஸ்பில பூட் பண்ணுங்க. அதுல பி-கேஷ்-டூல்ஸ் பேக்கேஜ் போட்டா டிவைஸ் தெரியும். அதை மவுன்ட் பண்ணி, அதுக்குள்ள பூட் பார்ட்டிஷன், இஎஃப்ஐ பார்ட்டிஷன், அப்புறம் டெவ், ப்ராக், சிஸ், ரன் நாலையும் பைண்ட் மவுன்ட் பண்ணிட்டு சி-ரூட் போங்க, அதாவது காப்பியான சிஸ்டத்துக்குள்ள நுழைஞ்சு கமாண்ட் ஓட்டுங்க. உள்ள போனதும் முதல் வேலை, அங்கயும் பி-கேஷ்-டூல்ஸ் இன்ஸ்டால் பண்றது. இதைத்தான் நிறைய பேர் விட்டுடுறாங்க. லைவ்ல போட்டாச்சேன்னு நினைச்சுக்குவாங்க, ஆனா காப்பியான சிஸ்டத்துல அது இருக்காது.

அடுத்து, பார்ட்டிஷன்களோட யூயூஐடியைக் காட்டுற பிளாக்-ஐடி கமாண்ட். இங்க ரெண்டு விதமான யூயூஐடி கண்ல படும். ஹார்ட் டிஸ்க், எஸ்எஸ்டி பார்ட்டிஷன்களுக்கு நேரா டைப் பி-கேஷ்னு வர்றது ஒண்ணு, பி-கேஷ்-ஜீரோவுக்கு நேரா டைப் எக்ஸ்ட்-4னு ஒண்ணு. எதை எங்க மவுன்ட் பண்ணணும்னு சொல்ற எஃப்எஸ்டேப் ஃபைல்ல போகவேண்டியது ரெண்டாவது. அப்புறம் அப்டேட்-இனிட்ராம்எஃப்எஸ் எல்லா கெர்னலுக்கும், கிரப்-இன்ஸ்டால், அப்டேட்-கிரப். ரீபூட்டுக்கு முன்னாடி எல்எஸ்-இனிட்ராம்எஃப்எஸ் ஓட்டி கிரெப்ல பிகேஷ்னு தேடுங்க. ஒரு வரிகூட வரலைன்னா ரீபூட் பண்ணிப் பிரயோஜனம் இல்ல.

பூட்டுக்குத் தனி பார்ட்டிஷன் வச்சீங்களான்னு கேள்வில சொல்லலை. கட்டாயம் வேணும். கிரப்புக்கு பி-கேஷைப் படிக்கத் தெரியாது. புது டிஸ்க்ல இஎஃப்ஐக்கு 512 எம்பி, பூட்டுக்கு சாதா எக்ஸ்ட்-4ல 1 ஜிபி, மிச்சம் முழுக்க பி-கேஷ். ஃபைல் சிஸ்டம் போடும்போது பார்ட்டிஷன் மேல போடாம பி-கேஷ்-ஜீரோ மேல போடணும். பார்ட்டிஷனோட ஆரம்பத்துல 8 கேபி தள்ளித்தான் டேட்டா தொடங்குது, முன்னாடி பி-கேஷோட சூப்பர்பிளாக் இருக்கு. ஓடிட்டிருக்கிற பழைய பார்ட்டிஷனை அங்கயே சும்மா மாத்த முடியாம காப்பி எடுக்க வேண்டி வர்றது இதனாலதான்.

காப்பிக்கு ஆர்சிங்க்ல ஏ, கேபிடல் ஹெச், கேபிடல் ஏ, கேபிடல் எக்ஸ், ஸ்மால் எக்ஸ் அஞ்சும் குடுங்க. கேபிடல் எக்ஸை விட்டா சில புரோகிராம்களோட ஒட்டியிருக்கிற கேப்பபிலிட்டி (தனி அனுமதி) போயிடும். ஸ்மால் எக்ஸ் வேற மவுன்ட்டுக்குள்ள போகாம தடுக்கும். அதனால பூட்டோ ஹோமோ தனி பார்ட்டிஷன்ல இருந்தா அதைத் தனியா காப்பி பண்ணணும்.

இப்ப கேஷ் மோடு. தானா வர்றது ரைட்-த்ரூ, எழுதுறது உடனே ஹார்ட் டிஸ்க்குக்கும் போயிடும். ரூட்டுக்கு அதையே வச்சுக்கோங்கன்னுதான் நான் சொல்வேன். ரைட்-பேக் வேகம்தான், ஆனா எழுதினதுல ஒரு பகுதி கொஞ்ச நேரம் எஸ்எஸ்டில மட்டும்தான் இருக்கும். யூபிஎஸ் இருக்கே, பரவாயில்லைன்னு சிலர் சொல்றாங்க. கரன்ட் போறதை பி-கேஷ் தாங்கும், அதுக்குன்னே எழுதினதுதான். பயப்படவேண்டியது எஸ்எஸ்டி செத்துப் போறதுக்கு. அப்போ கடைசி சில நிமிஷ வேலை மட்டும் போகாது, ஃபைல் சிஸ்டமே நடுநடுவுல ஓட்டையாயிடும். ஒரே ஒரு எஸ்எஸ்டியை நம்பி ரூட்டை அப்படி வைக்காதீங்க.

வேகம் கூடலையேன்னு முதல் பூட்லயே முடிவு பண்ணிடாதீங்க. தொடர்ச்சியா 4 எம்பிக்கு மேல போற ஐஓவை (படிக்கிற, எழுதுற வேலை) பி-கேஷ் கேஷுக்குள்ள விடாம நேரா டிஸ்க்குக்கு அனுப்பிடும். சீக்வென்ஷியல்-கட்ஆஃப்னு பேர். ரெண்டு மூணு தடவை பூட் பண்ணினப்புறம்தான் வித்தியாசம் தெரியும். கட்ஆஃபை ஜீரோ ஆக்கலாம், ஆனா ஒரு பெரிய வீடியோவைக் காப்பி பண்ணினா உங்க ரூட் ஃபைல்களை அது வெளிய தள்ளிடும். அப்படியே விடுறதுதான் நல்லது.

உங்க சிஸ்டம் மொத்தமே 40 ஜிபிதான்னா, ரூட்டை எஸ்எஸ்டில நேரடியா வச்சுட்டு ஹோமை மட்டும் பி-கேஷ்ல வைங்க. இந்த பூட் பிரச்சினையே வராது. எல்லாம் ஒரே பார்ட்டிஷன்ல நூத்துக்கணக்கான ஜிபியா இருந்தா நீங்க போற வழி சரிதான்.

பூட் ஆனதும் ஃபைண்ட்மவுன்ட் குடுத்து ரூட் எதுல இருக்குன்னு பாருங்க. பயாஸ் பழைய டிஸ்க்லயே பூட் பண்ணியிருந்தா எல்லாம் நல்லா ஓடுற மாதிரிதான் தெரியும், ஆனா நீங்க இருக்கிறது பழைய சிஸ்டம். பின்னால எஸ்எஸ்டியைக் கழட்டணும்னா முதல்ல டிடாச் குடுங்க. ஸ்டேட் ஃபைல்ல "நோ கேஷ்"னு வந்தப்புறம்தான் மெஷினை ஆஃப் பண்ணி கேபிளைத் தொடணும்.