தேக்காவோடு நிறுத்தாதீர்கள்

(சிங்கப்பூரின் வட்டார நூலகம் ஒன்றில் தமிழ் வாசகர்களிடையே ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

எல்லாருக்கும் வணக்கம்.

ஊரிலிருந்து அத்தையோ மாமாவோ வந்தால் நாம் எங்கே கூட்டிப்போகிறோம்? மெர்லயன், செந்தோசா, அப்புறம் முஸ்தபா. நேரம் இருந்தால் வீரமாகாளியம்மன் கோயில். சுற்றுலாப் பேருந்துகளும் கிட்டத்தட்ட இப்படித்தான் ஓடுகின்றன. சைனாடவுனில் சீனர், கம்போங் கிளாமில் மலாய்க்காரர், தேக்கா எனப்படும் லிட்டில் இந்தியாவில் நாம் என்று மூன்று நிறுத்தங்களில் ஊர் முடிந்துவிடுகிறது. இப்படி ஊரைக் காட்டுவதில் எனக்கு உடன்பாடில்லை. அங்கே சொல்லப்படுவது பொய் இல்லைதான். ஆனால் பாதி ஊர் அதில் மறைந்துபோகிறது.

இனத்துக்கு ஒரு பேட்டை என்ற ஏற்பாடு 1822இல் வந்தது. சிங்கப்பூரில் பிரிட்டிஷ் குடியேற்றத்தை நிறுவிய ராஃபிள்ஸ் சொன்னபடி ஜாக்சன் என்ற பொறியாளர் வரைந்த நகரத் திட்டம் அது. சீனருக்கு ஆற்றின் தென்பக்கம், சுல்தானுக்கும் அரபு வணிகருக்கும் கம்போங் கிளாம் என்று பிரித்தார்கள். அந்த வரைபடத்தில் நமக்கும் ஓர் இடம் உண்டு, சூலியா கம்பம். சோழமண்டலக் கரையிலிருந்து வந்தவர்களைத்தான் சூலியாக்கள் என்றார்கள். அந்தக் கம்பம் இன்று லிட்டில் இந்தியா இருக்கும் சிராங்கூன் சாலையில் இல்லை. சிங்கப்பூர் ஆற்றங்கரையில், சீனர் பகுதியை ஒட்டி இருந்தது. தமிழரின் பழைய சிங்கப்பூரைப் பார்க்க வேண்டும் என்றால், இன்று சைனாடவுன் என்று பெயர்ப்பலகை மாட்டியிருக்கும் இடத்தில்தான் நடையைத் தொடங்க வேண்டும்.

சவுத் பிரிட்ஜ் சாலைக்கு வாருங்கள். 1819இல் பினாங்கிலிருந்து ராஃபிள்ஸோடு வந்து இறங்கிய நாராயண பிள்ளை சிங்கப்பூரில் செங்கல் சூளை போட்டவர். கோயில் கட்ட முதலில் அவருக்குத் தெலோக் ஆயர் பக்கம் இடம் கொடுத்தார்கள். வழிபாட்டுக்கு நல்ல தண்ணீர் அங்கே கிடைக்கவில்லை. கடைசியில் இந்தச் சாலையில் இடம் அமைந்து, 1827இல் மரமும் அத்தாப்பு ஓலையுமாக மாரியம்மன் கோயில் எழுந்தது. சில அடிகள் தள்ளி ஜாமியா பள்ளிவாசல். சோழமண்டலக் கரையிலிருந்து வந்த தமிழ் முஸ்லிம்கள் 1826இல் தொடங்கியது. அதே சாலையில் 2007இல் திறந்த புத்தர் பல் ஆலயமும் இருக்கிறது. பள்ளிவாசலுக்கும் அம்மன் கோயிலுக்கும் நடுவே அஞ்சடியில், அதாவது கடைகளின் முன்னுள்ள நடைபாதையில், நின்று இரண்டையும் ஒரே பார்வையில் பார்க்கலாம். வழிகாட்டி ஒருவர் அங்கே பத்து நிமிடம் நின்று பேசினாலே போதும், கேட்பவருக்கு ஊர் பிடிபட்டுவிடும்.

அங்கிருந்து தெலோக் ஆயர் ஸ்ட்ரீட் நடக்கிற தூரம்தான். கடலைத் தூர்ப்பதற்கு முன் அந்தத் தெருதான் கரை. கப்பலில் வந்தவர்கள் இறங்கிய இடம். உயிரோடு கரை சேர்ந்த சீனர்கள் கடல் தெய்வம் மாசூவுக்கு நன்றி சொல்லத் தியான் ஹாக் கெங் கோயிலை 1839 முதல் 1842 வரை கட்டினார்கள். அதற்கும் முன்பே, 1828க்கும் 1830க்கும் இடையில், நம் சூலியாக்கள் கட்டியது நாகூர் தர்கா. நாகூர் ஆண்டவர் கடலோடிகளுக்குக் காவல் என்ற நம்பிக்கையைக் கையோடு கொண்டு வந்தவர்கள் அவர்கள். ஒரே தெரு, ஒரே கடல், ஒரே பயம், ஒரே நன்றி. சீன முதியவர் ஒருவரும் நாகப்பட்டினத்துக்காரர் ஒருவரும் சேர்ந்து நடந்து கேட்க வேண்டிய கதை இது. தர்கா 1974இலேயே தேசிய நினைவுச்சின்னம். 2011 முதல் இந்திய முஸ்லிம் மரபுடைமை நிலையமாகவும் இயங்குகிறது. இருந்தும் நம்மில் எத்தனை பேர் உள்ளே போயிருக்கிறோம்? பக்கத்தில் அல்-அப்ரார் பள்ளிவாசல். 1827இல் குடிசையாகத் தொடங்கியதால் நம்மவர் அதைக் குச்சுப் பள்ளி என்றார்கள்.

மார்க்கெட் ஸ்ட்ரீட்டில் செட்டியார்கள் வட்டித் தொழில் நடத்திய கிட்டங்கிகள் இருந்தன. தரையில் உட்கார்ந்து, மரப்பெட்டிமேல் கணக்கெழுதி, சீனக் கடைக்காரர்களுக்கும் கடன் கொடுத்தார்கள். இன்று அங்கே வானுயர்ந்த கட்டடங்கள். பார்க்க எதுவும் மிச்சமில்லாத இடத்தில்தான் நல்ல வழிகாட்டியின் அருமை தெரியும். டேங்க் ரோடு தெண்டாயுதபாணி கோயில், 1859இல் அந்தச் செட்டியார்கள் எழுப்பியது.

வாட்டர்லூ ஸ்ட்ரீட்டையும் சொல்லாமல் விட முடியாது. அங்கே கிருஷ்ணன் கோயிலும் குவான் யின் கோயிலும் அடுத்தடுத்து இருக்கின்றன. குவான் யினைக் கும்பிட்டு வரும் சீனர்கள் கிருஷ்ணன் கோயில் வாசலிலும் ஊதுபத்தி ஏற்றிவிட்டுப் போவார்கள். அதே தெருவில் 1878இல் கட்டிய யூத ஆலயமும் உண்டு.

சரி, தேக்காவுக்கு வருவோம். அதுவும் நம்முடையது மட்டும் இல்லை. புல்லும் தண்ணீரும் இருந்ததால் மாட்டு வியாபாரம் செழித்த பகுதி அது. கல்கத்தாவிலிருந்து வந்த யூத வணிகர் பெலிலியோஸும் அங்கே மாடு விற்றவர். கெர்பாவ் ரோட்டில் பல வண்ணத்தில் நிற்கும் டான் டெங் நியா வீடு, மிட்டாய் ஆலை நடத்திய சீனருடையது, 1900ஆம் ஆண்டு கட்டியது. எல்லாரும் அதன்முன் படம் எடுக்கிறார்கள். அது சீனர் வீடு என்பது பலருக்குத் தெரிவதில்லை.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். ஞாயிறு மாலை நம் தொழிலாளர் தம்பிகள் அங்கே கூடுகிறார்கள். வாரத்தில் ஒரு நாள் கூட்டாளிகளைப் பார்க்க, ஊருக்குப் பணம் அனுப்ப, வயிறாரச் சாப்பிட வருகிறார்கள். அவர்களைக் கேட்காமல் படம் எடுக்கச் சொல்லும் சுற்றுலா எனக்கு வேண்டாம். 1827இல் அத்தாப்பு வேய்ந்தவர்களைப் பெருமையாகப் பேசிவிட்டு, இன்று கட்டடம் எழுப்புகிறவர்களை வேடிக்கைப் பொருளாக்குவது நியாயமா?

இன்னொரு விஷயம். சிங்கப்பூரர்களில் பெரும்பாலோர் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடுகளில் வாழ்கிறோம். 1989இல் வந்த இன ஒருங்கிணைப்புக் கொள்கைக்குப் பின் எந்த புளோக்கும் ஓர் இனத்துக்கு மட்டும் என்று ஆக முடியாது. இன்று இனங்கள் கலந்து வாழ்வதைக் காட்ட வேண்டுமானால் பயணிகளை ஈசூனுக்கும் குவீன்ஸ்டவுனுக்கும் கூட்டிப்போக வேண்டும். கீழ்த்தளத்தில் ஒரு வாரம் மலாய்த் திருமணம் நடக்கும், அடுத்த வாரம் சீனர் வீட்டுத் துக்கம். மேல்மாடியிலிருந்து இறங்கும் தமிழ்க் குடும்பம் இரண்டுக்கும் தலைகாட்டும்.

பணம் வாங்கி வழிகாட்டப் பயணத்துறைக் கழகத்தின் உரிமம் வேண்டும். அதற்குப் படித்து உரிமம் பெறும் தமிழ் இளையர்கள் இன்னும் நிறைய வர வேண்டும். தமிழிலேயே நடத்தும் நடைகளும் பெருக வேண்டும். ஆனால் சொந்தக்காரரைக் கூட்டிப்போக நமக்கு உரிமம் தேவையில்லை. தெலோக் ஆயர் எம்ஆர்டி ரயில் நிலையத்தில் காலையிலேயே இறங்குங்கள், வெயில் ஏறாது. தர்காவும் தியான் ஹாக் கெங்கும் பார்த்துவிட்டு சவுத் பிரிட்ஜ் சாலைக்கு நடங்கள். மாரியம்மன் கோயில் நண்பகலில் நடை சாத்தி மாலையில்தான் திறக்கும், அதற்குள் போய்விடுங்கள். வெள்ளிக்கிழமை நண்பகல் பள்ளிவாசலில் தொழுகை நேரம், அன்று மட்டும் வேண்டாம். பிறகு சைனாடவுனில் வடகிழக்குத் தடத்தில் ஏறினால் மூன்றாவது நிறுத்தம் லிட்டில் இந்தியா. மதியச் சாப்பாட்டை அங்கே வைத்துக்கொள்ளலாம்.