கொறடாவான குத்தகைக்காரர் மகன்

நேயர்களுக்கு வணக்கம்.

பிரிட்டனில் 1872 வரைக்கும் ரகசிய வாக்கெடுப்பு கிடையாது. வாக்காளர் எல்லோர் முன்னாலும் தன் வேட்பாளர் இன்னார் என்று சொல்ல வேண்டும். எழுத்தர் அதை ஏட்டில் குறித்துக்கொள்வார். யார் யாருக்கு வாக்களித்தார் என்பது ஊருக்கே தெரியும், நிலத்துக்குச் சொந்தக்காரருக்கும் தெரியும்.

1859-ல் வேல்ஸின் வடக்கே, மெரியோனெத் மாவட்டத்தில் இது எங்கே கொண்டுபோய் விட்டது தெரியுமா? பாலா என்ற சந்தை ஊரைச் சுற்றி ரியூலஸ், வின்ஸ்டே என்று இரண்டு பெரிய எஸ்டேட்டுகள். பண்ணையாரின் விருப்பத்துக்கு மாறாக நடந்துகொண்ட குத்தகைக்காரர்கள் சிலருக்கு, தேர்தல் முடிந்த கையோடு நிலத்தைக் காலி செய்யச் சொல்லி நோட்டீஸ் வந்தது. அப்படி வெளியேற்றப்பட்டவர்களில் ஒரு வயதான விதவைத் தாயும் இருந்தார். அவருடைய மகன் மைக்கேல் டி. ஜோன்ஸ் பாலாவில் சமயக் கல்லூரி முதல்வர். வேல்ஷ் மக்கள் யாருக்கும் அஞ்சாமல் வாழ ஒரு இடம் வேண்டும் என்று, 1865-ல் தென்னமெரிக்காவின் பட்டகோனியாவுக்குக் குடியேறிகளை அனுப்பிவைத்தவர் அவர்தான்.

நோட்டீஸ் போன அதே 1859-ல், பிப்ரவரி மாதம், அதே வட்டாரத்தில் கன்லஸ் என்ற பண்ணைவீட்டில் ஒரு குத்தகை விவசாயிக்கு மகன் பிறந்தான். டாம் எல்லிஸ். 27 வயதில் நாடாளுமன்ற உறுப்பினர், 35 வயதில் ஆளும் லிபரல் கட்சியின் தலைமைக் கொறடா, 40 வயதில் மரணம். இன்றைய பேச்சு இவரைப் பற்றியது.

எல்லிஸ் வளர்ந்த காலத்தில் ரியூலஸ் எஸ்டேட் ஆர். ஜே. லாயிட் பிரைஸ் கைக்கு வந்தது. வேட்டை, நாய், குதிரை என்று வாழ்ந்த மனிதர். ஆடு மேய்க்கும் நாய்களுக்கான பிரிட்டனின் முதல் போட்டி என்று சொல்லப்படுவது 1873-ல் பாலாவில் இவர் நடத்தியதுதான். பக்கத்து ஊரான லான்வோர் தேவாலயத்தின் வளாகத்தில் இவர் கட்டிய குடும்பக் கல்லறை இன்றும் இருக்கிறது. பெண்டிகோ என்ற பந்தயக் குதிரை ஜெயித்ததில் கிடைத்த பணத்தில் கட்டியது. இந்தக் கல்லறையைக் கட்டித் தந்த என் நல்ல குதிரைக்கு நன்றி என்று வாசலிலேயே கல்லில் வெட்டி வைத்திருக்கிறார். பிரைஸைக் கொடுமைக்காரர் என்று காட்டுவதற்காக இதைச் சொல்லவில்லை. ஒரே மலைச்சரிவில் ஒருவருக்கு ஒரு குதிரைப் பந்தயமே கல்லறை கட்டும் அளவுக்குப் பணம் தருகிறது. இன்னொருவர் வருஷா வருஷம் புதுப்பிக்கப்படும் குத்தகையில், கல் பொறுக்கி, வடிகால் வெட்டி, வேலி கட்டி நிலத்தைத் திருத்துகிறார். திருத்திய பிறகு நிலத்தின் மதிப்பு கூடுகிறது. மதிப்பு கூடியதால் குத்தகைத் தொகையும் கூடுகிறது. கேட்டால் நோட்டீஸ். இதுதான் எல்லிஸ் பார்த்து வளர்ந்த உலகம்.

கிராமப் பள்ளி, பாலா கிராமர் ஸ்கூல், பிறகு அபெரிஸ்த்வித் கல்லூரி. அந்தக் கல்லூரியைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். 1872-ல், கடற்கரையில் விலைபோகாமல் கிடந்த ஒரு ஹோட்டல் கட்டடத்தில் தொடங்கியது அது. சுரங்கத் தொழிலாளியும் விவசாயியும் சேப்பல்களில், அதாவது ஆங்கிலிகன் சபையைச் சேராத கிறிஸ்தவர்களின் ஆலயங்களில், காசு காசாகச் சேர்த்துக் கொடுத்ததில் உயிர்பிழைத்தது. அங்கிருந்து ஆக்ஸ்போர்டின் நியூ காலேஜுக்குப் போய் வரலாறு படித்தார் எல்லிஸ். அப்புறம் சிறிது காலம் வீட்டு ஆசிரியர், பிறகு தொழிலதிபரும் எம்.பி.யுமான ஜான் பிரன்னரின் செயலாளர்.

1884-ல் வாக்குரிமை விரிந்து கிராமத்துத் தொழிலாளர் வரைக்கும் வந்தது. இரண்டு வருஷம் கழித்து, 1886 தேர்தலில், மெரியோனெத் தொகுதி தன்னுடைய குத்தகைக்காரர் வீட்டுப் பையனையே லண்டனுக்கு அனுப்பியது. 27 வருஷத்துக்கு முன்னால் வாய் திறந்ததற்காக வீட்டை இழந்த ஊர் அது.

எல்லிஸ் கேட்டவை பெரிய விஷயங்கள். குத்தகை விவசாயிக்கு நிலத்தில் உறுதி வேண்டும். நியாயமான குத்தகையை முடிவு செய்ய நில நீதிமன்றம் வேண்டும். சேப்பலுக்குப் போகிற வேல்ஷ் விவசாயி அரசு சபையான ஆங்கிலிகன் சபைக்குத் தசமபாகம் என்ற வரி கட்டும் அநீதி நீங்க வேண்டும். பள்ளிகள் வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, வேல்ஸுக்கென்று சட்டமியற்றும் அவை வேண்டும். கடைசியாகச் சொன்னதை 1890-ல் பாலாவிலேயே பேசினார். எகிப்தில் டைபாய்டு வந்து சாகக் கிடந்து மீண்டு வந்தவருக்கு ஊர் கூடி நடத்திய பாராட்டுக் கூட்டம் அது. அயர்லாந்தின் தன்னாட்சிக்காகப் போராடிய பார்னெல் அவருக்கு ஆதர்சம். கம்ரி வீத் என்ற வேல்ஷ் தேசிய இயக்கம் அவரைத் தலைவராகவே பார்த்தது.

இவற்றில் பள்ளிகள் உடனே கிடைத்தன. 1889 இடைநிலைக் கல்விச் சட்டத்தின் பயனாகப் பத்துப் பதினைந்து வருஷத்துக்குள் வேல்ஸ் முழுக்கத் தொண்ணூறுக்கும் மேற்பட்ட பள்ளிகள் எழுந்தன.

1892-ல் லிபரல் கட்சித் தலைவர் கிளாட்ஸ்டன் ஆட்சிக்கு வந்தார். எல்லிஸுக்கு இளநிலைக் கொறடா பதவி வந்தது. ஏற்றுக்கொண்டார். வேல்ஸ் இரண்டாகப் பிளந்து பேசியது. ஆங்கிலேயர் கொடுத்த சம்பளத்துக்கு விலைபோய்விட்டார் என்றார்கள் சிலர். இந்தக் குற்றச்சாட்டை நான் ஏற்கவில்லை. எம்.பி.க்களுக்கு 1911 வரைக்கும் சம்பளமே கிடையாது. சொத்துள்ளவர்களுக்கு என்று அமைந்த அவை அது. மலைப் பண்ணையிலிருந்து வந்தவர் சம்பளம் வாங்கினார் என்று குறை சொல்வது, அவரை உள்ளே விடாமல் கதவைச் சாத்துவதற்குச் சமம்.

என் குறை வேறு. கொறடா அவையில் பேசுவதில்லை. அது மரபு. ஆட்களை எண்ணுவது, வாக்கெடுப்புக்கு அழைத்து வருவது, முணுமுணுப்பவரைச் சமாதானப்படுத்துவது, இதுதான் வேலை. வேல்ஷ் விவசாயிக்காகப் பேசத் தெரிந்த ஒரே ஆள் என்று சொல்லத்தக்கவர், பேசக் கூடாத நாற்காலியில் போய் உட்கார்ந்தார். 1894-ல் அவர் தலைமைக் கொறடா. வேல்ஸில் ஆங்கிலிகன் சபையை அரசிடமிருந்து பிரிக்கும் மசோதா இழுத்தடிக்கப்படுகிறது என்று, பின்னாளில் பிரதமரான லாயிட் ஜார்ஜும் இன்னும் மூன்று வேல்ஷ் எம்.பி.க்களும் கட்சிக் கட்டுப்பாட்டை மீறிக் கலகம் செய்தார்கள். நியாயம் அவர்கள் பக்கம் என்பது எல்லிஸுக்குத் தெரியாமலா இருக்கும்? ஆனால் அவர்களை அடக்கி வழிக்குக் கொண்டுவருவதுதான் அவருடைய வேலை.

இன்னொன்றையும் மறைக்க வேண்டாம். தென்னாப்பிரிக்காவுக்குப் போய் வந்த எல்லிஸ், அங்கே பிரிட்டிஷ் ஆதிக்கத்தை விரித்த செசில் ரோட்ஸை மதித்தார். தன் ஊரில் நிலம் பறிபோன கதையை நெஞ்சில் சுமந்தவர், ஆப்பிரிக்கர்களின் நிலத்தைப் பறித்தவரை மதித்தார் என்பது எனக்கு ஜீரணமாகவில்லை.

சரி, பதவியில் இருந்ததால் எதுவும் கிடைக்கவில்லையா? கிடைத்தது. கொறடா ஆவதற்கு முன்பு நிலப் பிரச்சினையை நாடாளுமன்றத்தில் அவர் விடாமல் எழுப்பியதன் விளைவாக 1893-ல் வேல்ஷ் நிலத்துக்கென ராயல் கமிஷன் என்ற அரசு விசாரணைக் குழு அமைந்தது. கமிஷன் ஊர் ஊராகப் போனது. குத்தகை விவசாயிகள் நேரில் வந்து, எழுந்து நின்று, பலர் தங்கள் சொந்த வேல்ஷ் மொழியிலேயே சாட்சி சொன்னார்கள். குத்தகை எப்போது ஏறியது, யாருக்கு நோட்டீஸ் வந்தது, பண்ணையார் வேட்டைக்கென்று விட்டுவைத்த முயலும் பறவையும் பயிரை எப்படித் தின்றன, எல்லாம் ஏட்டில் ஏறியது. 1859-லும் ஒரு ஏடு இருந்தது, ஆளை ஒழிக்க. இந்த ஏடு ஆளைக் காக்க. எல்லிஸின் வாழ்க்கையில் எனக்குப் பெரிதாகத் தெரிவது இதுதான், தலைமைக் கொறடா பதவி இல்லை.

கமிஷன் 1896-ல் அறிக்கை கொடுத்தது. பெரும்பான்மை உறுப்பினர்கள் நில நீதிமன்றம் வேண்டும் என்றார்கள். அதற்குள் ஆட்சி மாறிவிட்டது, சட்டம் வரவில்லை. 1898-ல் எல்லிஸுக்குத் திருமணம். அடுத்த ஏப்ரலில் பிரான்சின் கான் நகரில் இறந்தார். மகன் பிறந்தது அதற்குப் பிறகுதான். பாலாவின் பிரதான வீதியில் 1903-ல் சிற்பி காஸ்கோம் ஜான் செய்த வெண்கலச் சிலையைத் திறந்தார்கள்.

நில நீதிமன்றம் வரவேயில்லை. ஆனால் முதல் உலகப்போரை ஒட்டிய வருஷங்களில் பண்ணையார்கள் எஸ்டேட்டுகளைத் துண்டு துண்டாக விற்றபோது, குத்தகைக்காரர்களே கடன் வாங்கி நிலத்தை வாங்கினார்கள். ஆங்கிலிகன் சபையை அரசிடமிருந்து பிரிப்பது 1920-ல் நடைமுறைக்கு வந்தது. பாலா கூட்டத்தில் அவர் கேட்ட அவை 1999-ல், அவர் இறந்து நூறு வருஷம் கழித்து, கார்டிஃபில் கூடியது. 2016-ல் அந்த அவைக்குத் தலைவரானவர் எலின் ஜோன்ஸ். அவரும் விவசாயக் குடும்பம்தான்.

சொந்த அவை வந்துவிட்டால் விவசாயிக்குக் குறையே இருக்காது என்று எல்லிஸ் நினைத்திருப்பாரா, சொல்ல முடியாது. 2024 மார்ச் 6-ஆம் தேதி அந்த அவையின் படிக்கட்டுகளில் விவசாயிகள் 5,500 ஜோடி ரப்பர் பூட்ஸ்களை அடுக்கினார்கள். நிலத்தில் பத்து சதவீதம் மரம் இருக்க வேண்டும் என்று சொன்ன புதிய மானியத் திட்டத்தால் அத்தனை வேலை போகும் என்பது அவர்கள் வாதம். யாரும் முகத்தை மறைக்கவில்லை. யாருக்கும் நோட்டீஸ் போகவில்லை. மே மாதத்தில் அரசு அந்தத் திட்டத்தை 2026-க்குத் தள்ளி வைத்தது.

நன்றி, வணக்கம்.