கோனா ஏரியின் இரண்டு உடைப்புகள்

அவையோருக்கு வணக்கம். மலை சரிந்து ஆற்றை மறித்ததால் உண்டாகும் ஏரிகளைப் பற்றிப் பேசுவோர், அவை உடைந்த நாளோடு கதையை முடித்துக்கொள்வது வழக்கம். உடைந்த பிறகும் 76 ஆண்டுகள் உயிரோடிருந்த ஓர் ஏரியைப் பற்றி இன்று பேச விரும்புகிறேன்.

இன்றைய உத்தராகண்டின் கார்வால் இமயத்தில், கங்கையின் மூல ஆறுகளில் ஒன்றான அலகநந்தாவில் கலக்கும் பிரஹி கங்கையின் குறுகிய பள்ளத்தாக்கில், 1893 செப்டம்பரில், கோனா என்ற சிற்றூருக்கு அருகே மலையின் ஒரு பக்கமே பெயர்ந்து விழுந்தது. அங்கே பாறை அடுக்குகள் ஆற்றை நோக்கிச் சாய்ந்திருந்தன. அவற்றின் அடிவாரத்தை ஆறு அரித்துக்கொண்டே வந்தது. மழைநீர் அடுக்குகளுக்கிடையே இறங்கியது. இந்திய நிலவியல் ஆய்வுத் துறையின் ஹாலண்ட் மறு ஆண்டு நேரில் சென்று ஆராய்ந்து, சரிவுக்கு இவற்றையே காரணங்களாகக் காட்டினார். விழுந்த பாறையும் மண்ணும் சுமார் 270 மீட்டர் உயரத்துக்கு ஆற்றை அடைத்தன.

அணையை வெட்டி நீரை வடிக்க முடியாது என்று பொறியாளர் புல்ஃபோர்டு முடிவு செய்தார். நீர் எப்போது விளிம்பைத் தொடும் என்று கணக்கிட்டு, கீழே உள்ளவர்களை எச்சரிப்பதே வழி என்றார். 1894 ஆகஸ்ட் நடுவில் அது நிகழும் என்பது அவர் கணிப்பு. கோனாவிலிருந்து ஏறக்குறைய 240 கிலோமீட்டர் தொலைவிலுள்ள ஹரித்வார் வரை தந்திக் கம்பி இழுக்கப்பட்டது, தொங்குபாலங்கள் கழற்றி வைக்கப்பட்டன, யாத்திரிகர்கள் வேறு வழியில் அனுப்பப்பட்டனர். ஆகஸ்ட் 25 காலையில் நீர் வழியத் தொடங்கியது. நள்ளிரவுக்குச் சற்று முன்பு அணை உடைந்தது. நான்கரை மணி நேரத்தில் சுமார் 28 கோடி கன மீட்டர் நீர் வெளியேறியது. கார்வால் அரசர்களின் பழைய தலைநகரான ஸ்ரீநகர் (காஷ்மீரத்து ஸ்ரீநகர் அல்ல) அடித்துச் செல்லப்பட்டது. இறந்தவர்கள் ஐந்து பேர். வெளியேற்றப்பட்ட பிறகும் திரும்பி வந்த ஒரு பக்கிரியும் அவர் குடும்பத்தாரும். இந்தியாவின் வெள்ள முன்னெச்சரிக்கை வரலாற்றில் இதற்கு ஈடாகச் சொல்லத்தக்கவை மிகச் சிலவே.

ஆனால் ஏரி முழுவதும் வடிந்துவிடவில்லை. வழிந்த நீர் அணையின் மேற்பகுதியை அறுத்துக்கொண்டே இறங்கி, நகர்த்த இயலாத பெரும்பாறைகளை எட்டியதும் அறுப்பு நின்றது. நீர்மட்டம் ஏறக்குறைய 120 மீட்டர் தாழ்ந்தது. மீதி நீர் அமைதியான, அழகான ஏரியாகத் தங்கியது. அதில் படகு விட்டார்கள். ஆபத்து நீங்கியது என்று எல்லோரும் கருதியதில் வியப்பில்லை. எனினும் அடைபட்ட ஆறு எதையும் கீழே விடுவதில்லை: மேலிருந்து வரும் வண்டலும் சரளையும் ஏரிக்குள்ளேயே படிந்தன. 1962 போருக்குப் பின் எல்லைப்புறச் சாலைகளுக்காக அப்பகுதியில் மலைகள் வெட்டப்பட்டன, மரவெட்டும் பெருகியது, ஆறுகளில் இறங்கும் கசடும் கூடியது.

1970 ஜூலை 20 அன்று பெய்த பெருமழையில் பள்ளத்தாக்கின் பாறையும் மண்ணும் மரங்களும் ஏரியில் வந்து நிறைந்து, எஞ்சிய அணையும் உடைந்தது. 1894இன் தந்திக் கம்பியைப் போன்ற ஏற்பாடு எதுவும் அன்று இல்லை. அலகநந்தாக் கரையிலிருந்த பேலாகூச்சி என்ற ஊரை, அங்கு நின்ற பேருந்துகளோடு, வெள்ளம் கொண்டுசென்றது. ஹரித்வாரில் தொடங்கும் மேல் கங்கைக் கால்வாயின் முதல் 10 கிலோமீட்டர் அளவு சேற்றால் தூர்ந்தது. முதல் உடைப்பின்போது இருந்ததைவிடச் சிறிய ஏரி இது என்பதை நினைவில் கொள்ள வேண்டும்.

வெள்ளம் பாதித்த இடங்களுக்குச் சென்ற காந்தியவாதி சண்டி பிரசாத் பட்டும் அவருடைய தசோலி கிராம சுயராஜ்ய சங்கத்தினரும், மேல்மலைக் காடுகள் வெட்டப்பட்டதையே முதன்மைக் காரணமாகக் கண்டனர்; 1973இல் மரங்களைக் கட்டியணைத்துக் காக்கும் சிப்கோ இயக்கம் பிறந்ததற்கு இந்த அறிவும் ஒரு காரணம். அவர்கள் கண்டது உண்மை. ஆயினும் பாறையின் சாய்வும் ஆற்றின் அரிப்பும் மழைநீரும் மட்டுமே 1893இல் ஒரு மலையைச் சாய்க்கப் போதுமானவையாக இருந்தன. காடு காக்கப்பட்டிருந்தால் ஏரி மெதுவாகத் தூர்ந்திருக்கும், தூராமலே இருந்திருக்காது. இன்று அந்த இடத்தில் சரளைப் பரப்பும் அதனிடையே ஓடும் பிரஹி கங்கையும் உள்ளன.