ஏழு போத்தல் தண்ணீர்

வணக்கம். திருகோணமலையின் கன்னியா வெந்நீர்க் கிணறுகளில் குளித்திருப்பீர்கள். அந்தியேட்டிக்குப் போனவர்களும் இருப்பீர்கள். தாய்க்குக் கிரியை செய்ய இராவணன் உண்டாக்கியவை என்பது நம் கதை. ஏழு கிணறுகளும் பக்கத்தில் பக்கத்தில்தான், ஆனால் ஒன்றின் சூடு மற்றதில் இல்லை. அந்தத் தண்ணீரில் யார் குடியிருக்கிறார்கள் என்று பார்க்க ஒருமுறை எனக்கு ஆசை வந்தது.

வெந்நீரில் உயிர் இருக்குமா என்று கேட்காதீர்கள். அமெரிக்காவின் யெலோஸ்டோன் ஊற்றுகளில் ஏறத்தாழ 70 பாகை சூட்டில் வாழும் ஒரு பக்ரீரியாவை 1969இல் தோமஸ் புரொக்கும் ஹட்சன் பிரீஸும் விவரித்தார்கள். அதன் நொதியம்தான், டி.என்.ஏயைப் பல பிரதிகளாகப் பெருக்கும் பி.சி.ஆர் முறையை எல்லோர் கைக்கும் எட்டவைத்தது. கொரோனாக் காலத்தில் மூக்கைக் கொடுத்தீர்களே, அதே பி.சி.ஆர். கன்னியா அவ்வளவு கொதிக்காது.

முன்பு ஒரு நுண்ணங்கியை அறிய, ஆய்வுகூடத் தட்டில் வளர்க்க வேண்டும். மண்ணிலும் நீரிலும் உள்ளவற்றில் பெரும்பாலானவை அங்கே வளராது. இப்போது நீரை நுண்ணிய வடியில் வடித்து, தங்கியதில் உள்ள டி.என்.ஏயை மொத்தமாகப் பிரித்து வாசிக்கிறார்கள். துண்டு துண்டாக வரும் எழுத்துகளை, ஒன்றின் வாலும் மற்றதன் தலையும் பொருந்தும் இடம் பார்த்துக் கணினி கோக்கும்.

சரி, என் கதைக்கு வருகிறேன். ஆட்கள் வாளியோடு வருமுன், விடியற்காலையில் போனேன். பிந்தினால் கிணற்றைவிடக் குளிப்பவர்களின் தோலில் உள்ளதுதான் அதிகம் அகப்படும். ஏழு போத்தல், ஏழு லேபல், பேனையால் எழுதி ஐஸ் பெட்டியில் அடுக்கினேன். பஸ்ஸால் இறங்கித் திறந்தால் ஐஸ் உருகி, மை கரைந்து, ஏழும் ஒரே மாதிரி. எந்தத் தண்ணீர் எந்தக் கிணறு? எந்த இயந்திரமும் அதைச் சொல்லாது. எல்லாவற்றையும் கொட்டினேன்.

நெல்லிலும் இதே சங்கதிதான். நெல்லின் டி.என்.ஏயில் உள்ள ஏறத்தாழ 400 மில்லியன் எழுத்துகளை 2005இல் வாசித்து முடித்துவிட்டார்கள். ஆனால் பயிரின் சாற்றை உறிஞ்சும் அறக்கொட்டியான் பூச்சியைத் தாங்கும் பரம்பரையலகு எங்கே என்று தேட, தாங்கும் நெல் ஒன்று கையில் வேண்டுமே! அப்படி உதவியது நம் நாட்டின் பழைய சிவப்பு நெல், ரத்து ஹீனட்டி. அந்தத் தாங்குதிறனுக்குக் காரணமான, அடுத்தடுத்து இருக்கும் மூன்று பரம்பரையலகுகளை 2015இல் சீன ஆய்வாளர்கள் வெளியிட்டார்கள். பெயரும் குணமும் குறித்து யாரோ அந்த விதையைப் பேணியிராவிட்டால் இதற்கு வழியே இல்லை.

மூதூரிலோ கிண்ணியாவிலோ கந்தளாயிலோ உங்கள் வீட்டு அறையில் பழைய நெல் ஒரு பிடி கிடந்தால், பெயர், ஊர், விதைத்த போகம், உப்பைத் தாங்குமா வெள்ளத்தைத் தாங்குமா என்று ஒரு துண்டில் எழுதி உள்ளே போட்டு வையுங்கள். பேனை வேண்டாம், பென்சிலால் எழுதுங்கள்.