முடிவு வரும் வரை

மும்பை தாராவியில் தமிழர்களிடையே ஆற்றிய உரை

தாய்மார்களே, சகோதரர்களே,

பால்வினை நோய் பற்றிப் பேசத்தான் அழைத்தீர்கள். நான் பேச நினைப்பது, பரிசோதனைக்கு ரத்தம் கொடுத்துவிட்டு முடிவுக்காகக் காத்திருக்கும் நாட்களைப் பற்றி. ஆலோசகராக என் எதிரே உட்காருகிறவர்கள் அதிகம் நொறுங்கிப் போவது அந்த நாட்களில்தான்.

தோல் பட்டறையில் வேலை செய்யும் ஒரு தம்பி, எய்ட்ஸை உண்டாக்கும் எச்.ஐ.வி. கிருமி தொற்றியிருக்குமோ என்ற பயத்தோடு வந்திருந்தார். பேசிய நேரம் முழுவதும் அவருடைய கட்டைவிரல் தாடைக்கு அடியில் நெறி கட்டியிருக்கிறதா என்று அழுத்திக்கொண்டே இருந்தது. அந்த இடம் சிவந்து கன்றியிருந்தது. "வீங்கியிருக்கிறது, பாருங்கள் அண்ணே" என்றார். வீங்க வைத்ததே அந்த விரல்தான். இரவெல்லாம் கண்ணாடி முன் நின்று நாக்கைப் பார்த்ததாகவும் சொன்னார்.

அவரிடம் இரண்டு கேள்விகள் கேட்டேன். பாதுகாப்பில்லாத உறவு நடந்தது என்றைக்கு? செய்த பரிசோதனை எது? இந்த இரண்டுக்கும் பதில் தெரிந்தால் பயத்துக்கு ஒரு தேதி கிடைத்துவிடும்.

எச்.ஐ.வி. கிருமி நுழைந்த மறுநாளே ரத்தத்தில் தெரியாது. விரலில் குத்திச் செய்யும் பரிசோதனை, கிருமிக்கு எதிராக உடல் உண்டாக்கும் எதிர்ப்பொருளைத் தேடுகிறது. அது தென்பட 23 முதல் 90 நாள் வரை ஆகலாம். கிருமியின் புரதத்தையும் சேர்த்துத் தேடும் ஆய்வகப் பரிசோதனை 18 முதல் 45 நாளில் காட்டிவிடும். ஆகவே பத்தாம் நாள் "இல்லை" என்று வந்த தாளை நம்பி நிம்மதி அடையவும் வேண்டாம், வாரம் ஒரு லேபுக்கு ஓடிப் பணத்தைக் கரைக்கவும் வேண்டாம். 90-ஆம் நாளைக் காலண்டரில் குறித்துக்கொள்ளுங்கள். ஆனால், நடந்து 72 மணி நேரம் தாண்டவில்லை என்றால் ஒரு நிமிடமும் காத்திருக்காதீர்கள். உடனே அரசு மருத்துவமனைக்குப் போங்கள். 28 நாள் சாப்பிடும் தடுப்பு மாத்திரை இருக்கிறது.

மேகநோய், அதாவது சிபிலிஸ், உண்டாக்கும் புண் பெரும்பாலும் வலிக்காது, தானே ஆறியும் விடும். நோய் மட்டும் உள்ளே இருக்கும். ஆரம்பத்திலேயே கண்டுபிடித்தால் பெரும்பாலும் ஒரே பென்சிலின் ஊசியில் தீரும். மெடிக்கல் கடையில் கேட்டு வாங்கிய மாத்திரையை நம்பாதீர்கள். அது அறிகுறியை மட்டும் மறைத்துவிடலாம்.

நாம் நெருக்கமாக வாழும் இந்தச் சால் குடியிருப்பில் ஒருவருக்குத் தெரிந்தால் திருநெல்வேலி வரை தெரிந்துவிடும் என்ற அச்சம் எனக்குப் புரிகிறது. 2017-இல் இயற்றி 2018 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த எச்.ஐ.வி. சட்டப்படி, உங்கள் சம்மதம் இல்லாமல் பரிசோதிப்பதும் முடிவை வெளியே சொல்வதும் பொதுவாகத் தடை செய்யப்பட்டவை.

ஒன்றை மட்டும் கோபத்தோடு சொல்கிறேன். முடிவு வரும்வரை ஆணுறை இல்லாமல் மனைவியிடம் போகாதீர்கள். பெண்களுக்குப் பல பால்வினை நோய்கள் அறிகுறியே காட்டாமல் கருக்குழாய் வரை ஏறிவிடும். பிறகு குழந்தை இல்லை என்று ஊர்ப்பேச்சு கேட்பதும் அவள்தான். உங்களுக்கு நோய் உறுதியானால், அவளுக்கும் சேர்த்துத்தான் பரிசோதனையும் சிகிச்சையும்.

எச்.ஐ.வி. என்றே வந்தாலும் ஒரே ஒரு பரிசோதனைப் பட்டையில் தெரிந்த கோட்டை வைத்து யாரும் முடிவு சொல்வதில்லை. வெவ்வேறு வகையான மூன்று பரிசோதனைகள் செய்கிறார்கள். கிருமியைக் கட்டுப்படுத்தும் கூட்டு மருந்து 2004 முதல் அரசு மருத்துவமனைகளில் இலவசம். அதைத் தவறாமல் சாப்பிட்டு, ரத்தத்தில் கிருமி கண்டறிய முடியாத அளவுக்குக் குறைந்தே இருந்தால் உறவின் மூலம் துணைக்குப் பரவாது.

ஆலோசனையும் பரிசோதனையும் தரும் இடத்தை, நம் ஊரில் நம்பிக்கை மையம் என்பதை, இங்கே ஐ.சி.டி.சி. என்பார்கள். அரசு, மாநகராட்சி மருத்துவமனைகளில் இருக்கிறது, காசு கிடையாது. நேரில் போகக் கூச்சமாக இருந்தால் முதலில் எய்ட்ஸ் உதவி எண் 1097-க்குக் கூப்பிடுங்கள். அதற்கும் கட்டணம் இல்லை.